பெற்ற வழியைச் சொல்லும் ஒழுக்கம்: கலப்புமுறைக் கல்வியும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும்

பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கலப்புமுறைக் கற்பித்தலையும் கற்றலையும் பற்றிய கருத்துக் குறிப்பு ஒன்றை வெளியிட்டு, நாட்டின் கல்வியாளர்களுடைய கருத்தைக் கோரியது. ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியாகவும், எஞ்சிய 60 விழுக்காட்டை வகுப்பறையில் நேர்முகமாகவும் நடத்த உயர்கல்வி நிறுவனங்களுக்கு இடமளிக்கலாம் என்பது அதன் மையக் கருத்து. அது வெளிவந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. எனினும் அதனை இன்று மீண்டும் எடுத்து வாசிக்க வேண்டிய தேவை எழுந்துள்ளது. ஏனெனில், அக்குறிப்பு எழுதப்பட்டபோது பொதுமக்கள் கைக்கு வந்திராத ஒரு கருவி, 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்னும் பெயரில் வந்து சேர்ந்தது. அதன் பின் அதனையொத்த கருவிகள் பல வந்தன. கேட்ட கேள்விக்குக் கட்டுரையாகவே விடை எழுதித் தரும் கருவி ஒன்று ஒவ்வொரு மாணவரின் கைப்பேசியிலும் இருக்கும் காலத்தில், 40க்கு 60 என்னும் பிரிவினைக்கு என்ன பொருள் என்பதே நம் கேள்வி. இதற்கு விடை காண்பதற்கு, நம் மத்ரஸாக்களின் ஓதுமுறையையும் ஹதீஸ் கலை அறிஞர்கள் வகுத்த சில விதிகளையும் அளவுகோலாகக் கொள்கிறோம்.

காரைக்கால் வாசகர்களுக்கு இது தொலைவில் உள்ள பொருளன்று. கிழக்கே கடலும் ஏனைய பக்கங்களில் தமிழ்நாடும் சூழ்ந்த இச்சிறு மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222. இங்குள்ள அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி ஆகியவை புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. அது 1985இல் தோன்றிய மத்தியப் பல்கலைக்கழகம். அதன் வளாகம் ஒன்றும் காரைக்காலில் உண்டு. ஆகவே 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மானியக் குழுவின் நெறிகளும் இங்கே நேராக வந்து சேர்கின்றன. தெற்கே சில கல் தொலைவிலுள்ள நாகூரில், தமிழ்நாடு அரசு அக்கொள்கையை ஏற்காமையால், நிலைமை வேறு. ஒரே வட்டாரப் பேச்சும் ஒரே உறவுமுறையும் உடைய இரு ஊர்களுக்கிடையே இவ்வாறு ஒரு கல்வி எல்லை ஓடுகிறது. புதிய கல்விமுறையின் நன்மையும் தீமையும் காரைக்கால் பிள்ளைகளிடமே முதலில் வெளிப்படும் என்பதால், அதனை ஆராயும் கடமையும் நமக்கே முந்தி வருகிறது.

குறிப்பின் நல்ல கூறுகள்

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்வது முறை. மாணவர் தம் வேகத்தில் கற்பதற்கு வழி வேண்டும், ஆசிரியர் பாடக் குறிப்பை ஒப்பிப்பவராக இல்லாமல் வழிகாட்டியாக அமைய வேண்டும் என்று அக்குறிப்பு கூறுவது ஏற்கத்தக்கது. வாய்மொழித் தேர்வு, நூலைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, குழுத் தேர்வு முதலிய மதிப்பீட்டு முறைகளை அது எடுத்துரைத்திருப்பதும் பாராட்டுக்குரியது. மனப்பாடத்தை மட்டுமே சோதிக்கும் மூன்று மணிநேர எழுத்துத் தேர்வின் பிடி தளர வேண்டும் என்று ஆசிரியர் பலர் நெடுங்காலமாக விரும்பி வந்தனர். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இடையே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிருக்கையில், தலைமை வளாகத்துப் பேராசிரியர் ஒருவரின் சொற்பொழிவை இங்குள்ள மாணவி தன் வீட்டிலிருந்தே கேட்கக் கூடுமாயின் அதனை வேண்டாமென்று சொல்பவர் யார்? அரபிக் கல்லூரியில் ஓதிக்கொண்டே பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் பயில்கின்ற மாணவருக்கு இத்தகைய நெகிழ்வு பெரும் உதவி.

கருவி வசதி எல்லார்க்கும் உண்டா என்னும் கேள்வி அன்றே எழுந்தது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, 2017-18இல், நாட்டின் ஊரகக் குடும்பங்களுள் 4.4 விழுக்காட்டினரிடமும் நகர்ப்புறக் குடும்பங்களுள் 23.4 விழுக்காட்டினரிடமும் மட்டுமே கணினி இருந்ததாகக் காட்டியது. அதன் பின் கைப்பேசி வழியே இணையம் பரவியிருப்பது உண்மை. ஆயினும் கைப்பேசியின் சிறு திரையில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துக் குறிப்பெடுப்பது எத்துணைக் கடினம் என்பதைப் படித்தவர் அறிவர். இக்குறை வசதி பெருகப் பெருகத் தீரக்கூடியது. நாம் பேசவிருக்கும் குறையோ வசதி பெருகுவதால் தீராது.

காவலராக எதிர்பார்க்கப்பட்டது, துணைவராக வந்தது

அக்குறிப்பு செயற்கை நுண்ணறிவை அறவே அறியாததன்று. மதிப்பீட்டைப் பற்றிய பகுதியில், தேர்வுக் கண்காணிப்புக்கும் மதிப்பிடுதலுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று அது சொல்கிறது. அதாவது, தேர்வு எழுதும் மாணவரின் கண் எங்கே செல்கிறது என்று நோக்கும் காவலராகவும், விடைத்தாளைத் திருத்தும் உதவியாளராகவும் அக்கருவியை எதிர்பார்த்தது. கருவி வந்த திசையோ வேறு. மாணவர் தனித்திருக்கும் நேரத்தில், அவர் பக்கத்தில், அவருக்குத் துணையாக வந்து அமர்ந்தது. எந்த 40 விழுக்காட்டை மாணவரின் சுயமுயற்சிக்கென்று குறிப்பு ஒதுக்கிற்றோ, அந்த 40 விழுக்காட்டிலேயே அது குடியேறியது. வீட்டில் செய்து வரும் ஒப்படைப்பு மாணவரின் உழைப்பைக் காட்டும் என்பதே கலப்புமுறையின் அடித்தளம். அந்த அடித்தளம் இன்று ஆட்டம் கண்டுள்ளது.

இதன் பொருளை முழுதும் உணர நம் மத்ரஸா முறையை ஒரு முறை நினைவுகூர்வது நலம்.

முதாலஆ, தர்ஸ், தக்ரார்

லக்னோவின் ஃபரங்கி மஹலில் மறைந்த முல்லா நிழாமுத்தீன் (மறைவு கி.பி. 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிழாமி பாடத்திட்டம் இந்தியாவெங்கும் பரவியது. அதனைப் பின்பற்றிய மத்ரஸாக்களிலும், ஷாஃபிஈ நூல்களை முதன்மையாகக் கொண்ட நம் கரையோர மத்ரஸாக்களிலும் ஒரு நாளின் கல்வி மூன்று படிகளாக அமைந்து வந்துள்ளது. முதல் நாள் இரவில் மாணவர் மறுநாள் பாடத்தைத் தாமே வாசித்துப் பொருள் காண முயல்வது முதாலஆ. மறுநாள் உஸ்தாதின் முன் அதனை வாசித்துத் திருத்தமும் விளக்கமும் பெறுவது தர்ஸ். அதன் பின் மாணவர் சிறு குழுவாக அமர்ந்து, ஒருவர் ஏனையோருக்கு அப்பாடத்தைத் திரும்பச் சொல்வது தக்ரார். வீட்டில் பாடத்தை முன்னரே பார்த்துவிட்டு வகுப்பில் விவாதிப்பதைத் தலைகீழ் வகுப்பறை என்று இக்காலக் கல்வியியல் அழைக்கிறது. மானியக் குழுவின் குறிப்பும் அதனை ஒரு மாதிரியாகக் காட்டுகிறது. முதாலஆ செய்து பழகியவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இம்மூன்றனுள் கடினமானது முதாலஆவே. ஃபத்ஹுல் முயீன் போன்ற நூலின் பக்கத்தில் உயிர்க்குறிகள் இரா. ழாத், ரா, பா ஆகிய மூன்றெழுத்துகளை 'ழரப' என்று வாசித்தால் 'அடித்தான்'. 'ழுரிப' என்று வாசித்தால் 'அடிக்கப்பட்டான்'. எது சரியென்று அறிய எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று மாணவர் வாக்கியம் முழுவதையும் மனத்தில் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். எனவே இபாரத்தைப் பிழையின்றி வாசித்தலே பொருள் புரிந்தமைக்குச் சான்றாக இருந்தது. மாணவர் வாசிக்க வாசிக்க, ஓரிடத்தில் அவர் இட்ட ஓர் உயிர்க்குறியைக் கொண்டே அவர் எங்கே தடுமாறினார் என்பதை உஸ்தாத் கண்டுகொள்வார்.

இப்போது அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொடுத்தால் கருவி உயிர்க்குறிகளை இட்டு, தமிழிலோ ஆங்கிலத்திலோ பொருளும் தந்துவிடுகிறது. மாணவர் மறுநாள் பிழையின்றி வாசிக்கிறார், உஸ்தாதுக்கு மகிழ்ச்சி. ஆனால், குறி இல்லாத வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்தால் நா எழவில்லை. வாசிப்பு சரியாக இருக்கிறது. அது எதற்குச் சான்றாக இருந்ததோ அது அங்கே இல்லை. பல்கலைக்கழக ஒப்படைப்பின் நிலையும் இதுவே. எழுதப்பட்ட கட்டுரை நன்றாக இருப்பது எழுதியவர் கற்றார் என்பதற்குச் சான்றாக இருந்த காலம் முடிந்தது.

இப்னு கல்தூன் (ரஹ்) (மறைவு கி.பி. 1406) தம் முகத்திமாவில் கற்பித்தலை ஒரு கைத்தொழிலாகக் கருதுகிறார். கல்வியின் பயன் மலகா என்னும் உள்ளத்தில் ஊன்றிய திறன். செய்திகளை மனத்தில் சேர்த்துக்கொள்வதும் மலகாவும் வெவ்வேறு என்பது அவர் கருத்து. தம் காலத்து மேற்குத் திசை மாணவர் பலர் ஆண்டுக்கணக்கில் சபையில் வாய் திறவாமல் அமர்ந்து மனனம் செய்ததனால் மலகாவைப் பெறாது போயினர் என்றும், பேச்சும் விவாதமுமே அதற்கு எளிய வழியென்றும் அவர் எழுதியுள்ளார். மனப்பாடம் செய்து மலகா பெறாதவரை அவர் கண்டார். மனப்பாடமும் செய்யாமல் பட்டம் பெறக்கூடியவரை நாம் காண இருக்கிறோம்.

ஆய்வுகள் காட்டுவது

இது வெறும் அச்சமா என்று கேட்போருக்கு ஆய்வுகளின் துணையோடு விடை கூறலாம். துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1000 மாணவரைக் கொண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய கணிதப் பாட ஆய்வு 2025இல் வெளியானது. கட்டுப்பாடின்றிக் கருவியைப் பயன்படுத்திய மாணவர் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேம்பட்டனர். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியையே காணாத மாணவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியரின் துணையோடு அமைத்த கருவியைப் பயன்படுத்தியவரோ பயிற்சியில் 127 விழுக்காடு மேம்பட்டனர். தேர்விலும் அத்தகைய பின்னடைவு அவர்களிடம் பெரிதும் காணப்படவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலும் 194 மாணவரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் படிப்படியாக அமைத்துத் தந்த கருவியோடு பயின்றவர், நல்ல முறையில் நடத்தப்பட்ட வகுப்பில் பயின்றவரைவிட இருமடங்குக்கும் மேலாகக் கற்றனர் எனக் கண்டனர். ஆக, கருவியே கேடென்று தள்ளுவது நேர்மையாகாது. இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையே சுட்டுகின்றன: மாணவரின் உழைப்பைத் தூண்டும்படி ஆசிரியர் அமைத்த கருவி வளர்க்கிறது, உழைப்பை மாற்றி வைக்கும் கருவி தேய்க்கிறது. நம் மாணவர் கையில் இன்று பெரும்பாலும் இருப்பது இரண்டாம் வகை. மானியக் குழுவின் குறிப்பு இவ்வேறுபாட்டைச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டுமென்று அந்த நாளில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் இன்று அதனை அவ்வாறே பின்பற்றுவோருக்கு அந்தச் சலுகை இல்லை.

கண்டுபிடிக்கும் கருவி

இக்கேட்டுக்கு மருந்தாக நிறுவனங்கள் பலவும் நாடுவது, கருவி எழுதியதைக் கண்டுபிடிக்கும் இன்னொரு கருவி. அதன் தகுதி என்ன? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அத்தகைய கருவியொன்றை வெளியிட்டு, அதன் துல்லியம் குறைவென்று கூறி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வாண்டே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் தாமே எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்புக் கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குற்றம் சாட்டின. எளிய சொற்களாலும் பழகிய தொடர்களாலும் எழுதுவதே அம்மாணவர் செய்த பிழை.

காரைக்காலில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் முதல் தலைமுறை மாணவியின் நடையும் அத்தகையதே. வசதியுள்ள மாணவர் கட்டணக் கருவியால் தம் கட்டுரையை மெருகேற்றித் தப்பிவிட, தம் கையால் எழுதிய மாணவி குற்றவாளியாக நிற்க நேரும். சாட்சியின்றிக் குற்றம் சுமத்துவதன் கடுமையை நம் ஷரீஅத் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இயந்திரத்தின் ஊகம் சாட்சியாகாது.

எட்டு வழிகள்

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? இங்கேதான் ஹதீஸ் கலை நமக்குக் கைகொடுக்கிறது. இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (மறைவு ஹி. 643 / கி.பி. 1245) ஹதீஸ் கலையைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில், ஓர் அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்து சேரும் வழிகளை எட்டாக வகுத்துரைக்கிறார். ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது ஸமாஉ. மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்பது கிராஅத். அறிவிப்பதற்கு அனுமதி மட்டும் தருவது இஜாஸா. நூலைக் கையில் கொடுப்பது முனாவலா. எழுதி அனுப்புவது முகாத்தபா. இன்ன நூல் தாம் கேட்டறிந்தது என்று அறிவிப்பது இஃலாம். நூலை இன்னாருக்கென்று மரண சாசனமாக விடுவது வஸிய்யா. யாரிடமும் கேளாமல் ஒருவரின் எழுத்தை எங்கோ கண்டெடுத்து வாசிப்பது விஜாதா.

இவற்றுள் முகாத்தபா தொலைநிலைக் கல்வி போன்றது. விஜாதா, நூலகத்திலோ இணையத்திலோ தாமே தேடிப் படிப்பது போன்றது. நம் முன்னோர் நேர்முகக் கல்வியைத் தவிர வேறெதையும் அறியாதவர் என்று எண்ணுவது பிழை. கலப்புமுறையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எந்த வழி எவ்வளவு வலுவுடையது என்று கருத்து வேறுபட்டு விவாதித்தனர். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: பெற்ற வழியைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் தனிச்சொல் உண்டு. கேட்டவர் 'ஹத்தஸனா' என்பார். ஓதிக்காட்டியவர் 'அக்பரனா' என்பார். கண்டெடுத்தவர் 'வஜத்து', அதாவது 'கண்டேன்' என்பார். கண்டெடுத்ததைக் கேட்டதாகச் சொல்வதற்கு இடமில்லை.

ஆசிரியரைச் சந்தித்த ஒருவர், அவரிடம் நேரே கேளாத செய்தியை, கேட்டது போன்ற தோற்றந்தரும் பொதுச்சொல்லால் அறிவிப்பது தத்லீஸ். அதில் வெளிப்படையான பொய் இராது, மறைப்பு உண்டு. கருவி எழுதியதை வாங்கித் தம் பெயரிட்டு ஒப்படைக்கும் மாணவரின் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் நாம் அறியோம். இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) (மறைவு ஹி. 852 / கி.பி. 1449) தத்லீஸ் செய்தோரை ஐந்து படித்தரங்களாகப் பிரித்துத் தனி நூலே எழுதினார். எப்போதோ ஒருமுறை செய்தவரும் வழக்கமாகச் செய்தவரும் ஒரே தட்டில் நிறுத்தப்படவில்லை. எழுத்துப்பிழை திருத்தக் கருவியை நாடியவரையும், கட்டுரை முழுவதையும் அதனிடம் வாங்கியவரையும் ஒரே குற்றத்துக்கு ஆளாக்கும் இன்றைய விதிமுறைகள் இந்நுட்பத்தைக் கற்க வேண்டும்.

ஆகவே நாம் முன்வைப்பது இது. ஒவ்வோர் ஒப்படைப்பின் தலைப்பிலும் மாணவர் தாம் பெற்ற வழியை எழுத வேண்டும்: எதனைத் தாமே வாசித்தார், எதனை ஆசிரியரிடம் கேட்டார், எதனைக் கருவியிடம் பெற்றார், பெற்றதை எந்த மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். உண்மையைச் சொன்னவருக்கு அதனால் மதிப்பெண் குறையக் கூடாது. மறைத்தவருக்கு மட்டுமே கேள்வி.

மூலம் இல்லாத விடை

கருவியின் விடைக்கு இஸ்னாது இல்லை என்பது நம் துறைக்குத் தனிப்பட்ட இடர். அல்மக்தபத்துஷ் ஷாமிலா என்னும் மின்நூலகத்தை உலமாக்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். அதில் ஒரு சொல்லைத் தேடினால் நூலின் பெயரும் பாகமும் பக்கமும் கிடைக்கும். அச்சு நூலைத் திறந்து ஒப்பிடலாம். உரையாடும் கருவியோ சொற்களின் தொடர்ச்சியை ஊகித்து வாக்கியம் அமைப்பது. ஒரு ஹதீஸின் நடையில் வாக்கியத்தையும், அதன் கீழே நூற்பெயரையும், எண்ணையும் அதனால் அமைத்துத் தர முடியும். அந்நூலில் அந்த எண்ணில் அச்செய்தி இராது. மூலத்தைத் தேடிக் காட்டும் வசதி இப்போது சில கருவிகளில் சேர்க்கப்பட்டிருந்தாலும், காட்டிய மூலத்தைத் திறந்து பார்க்கும் கடமை நீங்கவில்லை. 2023 ஜூன் மாதத்தில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், கருவி புனைந்து தந்த வழக்குத் தீர்ப்புகளை உண்மையென்று மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5000 டாலர் தண்டம் விதித்தது. உலக வழக்கில் அது பணத்தோடு போயிற்று. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவதன் விளைவு எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் முஸ்லிம்களின் சொந்த அறிவுச் செல்வத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென அரபி எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் வளர்த்த அரபுத்தமிழ் நூல்கள், பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவும் பழைய அச்சுப் பதிப்புகளாகவும் வீட்டுப் பேழைகளில் உறங்குகின்றன. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (மறைவு கி.பி. 1898) அவர்களின் ஃபத்ஹுத் தய்யான் போன்ற நூலைக் கருவி எங்கிருந்து கற்றிருக்கும்? இணையத்தில் ஏறாத எழுத்து அதற்கு இல்லாத எழுத்து. ஆயினும் கேட்டால் 'அறியேன்' என்று சொல்வது அதற்கு அரிது. ஏதேனும் ஒன்றைச் சொல்லும். 'அறியேன்' என்று சொல்வதையே கல்வியின் ஒரு பகுதியாகக் கருதிய மரபு நம்முடையது. வெறும் ஏடுகளிலிருந்து கற்றவரை ஸஹஃபி என்றும், அதனால் நேரும் பிழையைத் தஸ்ஹீஃப் என்றும் பெயரிட்டு, அப்பிழைகளைத் தொகுத்து நூல்கள் எழுதிய மரபும் நம்முடையதே. அபூ அஹ்மத் அல்அஸ்கரி (மறைவு ஹி. 382) அவ்வாறு எழுதியவருள் ஒருவர்.

நம் பக்கத்துக் குறை

இவ்வளவும் சொல்லிப் பழியைக் கருவியின் மீதே போட்டுவிடுதல் நேர்மையன்று. கருவி வருவதற்கு வெகுகாலம் முன்பே, பல்கலைக்கழகத் தேர்வுக்கென்று வினா விடைக் கையேடுகள் கடைகளில் விற்கப்பட்டன. மூல நூலைக் காணாமலே பட்டம் பெற்றவர் அன்றும் இருந்தனர். ஐந்தாண்டுகளாக அதே கேள்விகளைக் கேட்ட வினாத்தாளும், அதே குறிப்பேட்டை ஒவ்வோராண்டும் வாசித்த ஆசிரியரும் இந்நோய்க்கு முன்னரே வழி திறந்து வைத்திருந்தனர். இயந்திரம் எளிதாக எழுதிவிடும் விடையை வேண்டும் கேள்வி, இயந்திரம் இல்லாத காலத்திலும் நல்ல கேள்வியாக இருக்கவில்லை.

மத்ரஸாக்களின் பக்கமும் குறை உண்டு. கைப்பேசியைத் தடை செய்வதோடு கடமை முடிந்ததென்று எண்ணும் நிர்வாகங்கள் இருக்கின்றன. ஓதும் காலத்தில் தடை நன்மையே. ஆனால் ஸனது பெற்று வெளியேறும் இளம் ஆலிம், மறுநாளே அக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மக்களின் மஸ்அலாக்களுக்கு விடை கூறப் போகிறார். அதனை எவ்வாறு ஐயுறுவது, எவ்வாறு சரிபார்ப்பது என்று அவருக்குக் கற்பிக்காமல் அனுப்புவது பொறுப்பாகாது. நீடூர், லால்பேட்டை முதலிய ஊர்களிலுள்ள நம் பழம்பெரும் மத்ரஸாக்கள் உஸூலுல் ஹதீஸ் பாடத்தோடு சேர்த்து இதனை ஒரு பயிற்சியாக நடத்தலாம்: கருவி தந்த விடையொன்றை மாணவர் எடுத்து, அதன் ஒவ்வொரு செய்திக்கும் மூலம் தேடி, கிடைத்ததையும் கிடைக்காததையும் குறித்து வர வேண்டும். ஜர்ஹு தஃதீல் கலைக்கு இதைவிட உயிருள்ள செயல்முறைப் பாடம் வேறில்லை.

நேரக் கணக்கு

மெய்யான மதிப்பீட்டுக்கு வாய்மொழித் தேர்வே வழியென்றால், அதற்கு நேரம் ஏது என்று கல்லூரி ஆசிரியர்கள் கேட்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு மதிப்பலகுப் பாடம் ஒன்றுக்கு ஒரு பருவத்தில் 60 வகுப்பு மணிகள் என்று கொண்டால், அதில் 40 விழுக்காடு 24 மணி நேரம். வகுப்பில் 60 மாணவர் இருந்து, ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியே கேள்வி கேட்டால் ஆகும் நேரம் 10 மணி. பருவத்துக்கு இருமுறை கேட்டாலும் 20 மணிதான். இணையவழிக்குச் சென்றதனால் வகுப்பறையில் மிச்சமான 24 மணி நேரத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. காணொளிப் பாடம் அமைப்பதற்கும் நேரம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒருமுறை அமைத்த பாடம் பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

மானியக் குழுவின் குறிப்பில் வாய்மொழித் தேர்வு பல புதுமைகளுள் ஒன்றாக வரிசையில் நிற்கிறது. அதுவே கலப்புமுறையின் தூணாக வேண்டும் என்பது நம் வாதம். வீட்டில் செய்தது பயிற்சி. அதற்கு மதிப்பெண் வேண்டியதில்லை. ஆசிரியரின் முன்னிலையில் மாணவர் விளக்கிச் சொன்னதற்கே மதிப்பெண். இது ஸமாஉக்கும் கிராஅத்துக்கும் உரிய இடத்தைத் திரும்பத் தருவதாகும். அந்த 24 மணி நேரத்தை ஆசிரியரின் கணக்கிலிருந்து கழித்து, பணியிடங்களைக் குறைக்கும் வழியாக நிர்வாகங்கள் கருதத் தொடங்குமாயின், கலப்புமுறை கல்வியின் பெயரால் நடக்கும் சிக்கனமாகிவிடும். இதற்கெதிராக ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் இப்போதே குரல் கொடுப்பது நல்லது.

பட்டச் சான்றிதழிலும் ஸனதிலும் இடப்படும் கையெழுத்து ஒரு ஷஹாதத். இவர் இதனைக் கற்றார் என்று கல்வி நிறுவனம் சமுதாயத்தின் முன் சாட்சி கூறுகிறது. அதனை நம்பி மக்கள் தம் பிள்ளையை அவரிடம் ஓத அனுப்புகின்றனர். தம் நிக்காஹுக்கும் வாரிசுரிமைப் பங்கீட்டுக்கும் அவரிடம் தீர்வு கேட்கின்றனர். காணாததற்குச் சாட்சி கூறுவது நம்மில் எவருக்கும் ஆகுமானதன்று. மாணவர் கற்றதை ஆசிரியர் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, அதன் பின்னரே கையெழுத்திடும்படி பாடமுறையை அமைத்துக்கொள்வோமாயின், எஞ்சிய நேரத்தில் மாணவர் எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.